மூன்று மஞ்சள் பூக்களும் டார்வினும்



உங்கள் வகுப்பில் இரட்டைக் குழந்தைகள் யாராவது படிக்கிறார்களா? நான் ஆசிரியராக இருந்தபோது என் வகுப்பில் இரண்டு சகோதரிகள் படித்தார்கள். ஒரே முகம், ஒரே உயரம், ஒரே மாதிரி இரட்டைச் சடை. முதல் மாதம் முழுவதும் அக்காவைத் தங்கை என்றும், தங்கையை அக்கா என்றும் அழைத்துக் கொண்டிருந்தேன். சரி, ரிப்பன் நிறத்தை வைத்து அடையாளம் தெரிந்துகொள்வோம் என்று நினைத்தேன். மறுநாளே இருவரும் ரிப்பனை மாற்றிக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள்! பிறகுதான் ஒருத்திக்கு இடது காதருகே சிறிய மச்சம் இருப்பதைக் கவனித்தேன். ரிப்பன் மாறும், மச்சம் மாறாது. அதன் பிறகு நான் ஏமாறவே இல்லை.

மனிதர்களிடமே இவ்வளவு குழப்பம் என்றால், காட்டிலும் மேட்டிலும் பூத்துக் கிடக்கும் பூக்களிடம் எவ்வளவு குழப்பம் இருக்கும்! ஒன்றைப் போலவே தோன்றும் இரண்டு பூக்கள் ஒரே செடியினமா, வேறு வேறு இனமா? எந்த வேறுபாடு ரிப்பன்? எந்த வேறுபாடு மச்சம்?

இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் வயல்வெளியில் குனிந்து நின்ற ஒரு பெரியவரின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அவர் பெயர் உங்களுக்குத் தெரியும். சார்லஸ் டார்வின். உயிர்கள் எப்படி மாறி மாறி வந்தன என்ற பரிணாமக் கொள்கையை உலகுக்குச் சொன்னவர். கப்பலில் உலகைச் சுற்றியவர். ஆனால் அவரை மாற்றி யோசிக்க வைத்த மூன்று மஞ்சள் பூக்களைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

பூ கொண்டு வந்த சிறுவன்

டார்வின் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் பிறந்தார். அப்பா பெரிய மருத்துவர். வீட்டைச் சுற்றித் தோட்டம் இருந்தது.

சிறுவன் டார்வின் ஒருநாள் பள்ளிக்கு ஒரு பூவைக் கையில் எடுத்து வந்தான். பூவின் உட்புறத்தைப் பார்த்தே செடியின் பெயரைக் கண்டுபிடிக்கலாம், அம்மா சொல்லிக் கொடுத்தார் என்று பக்கத்துப் பையனிடம் பெருமையாகச் சொன்னான். பாவம், அந்த அம்மா 1817ஆம் ஆண்டு இறந்துவிட்டார். அப்போது டார்வினுக்கு எட்டு வயதுதான்.

அதே வயதில் அவன் இன்னொரு கதையும் விட்டான். பிரிம்ரோஸ் என்ற மஞ்சள் பூச்செடிக்கு வண்ணத் தண்ணீர் ஊற்றினால் விதவிதமான நிறத்தில் பூக்கும், தன்னால் அப்படிப் பூக்க வைக்க முடியும் என்று அடித்துவிட்டான்! முழுப் பொய். அவன் அப்படிச் செய்து பார்த்ததே இல்லை. வயதான பிறகு தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது டார்வினே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

குழந்தைகளே, பிரிம்ரோஸ் என்ற இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் மறுபடியும் வரும்.

நல்ல ஆசிரியர் கிடைத்தார்

டார்வின் பள்ளிப் படிப்பில் பெரிய சூரன் அல்ல. 1825இல் மருத்துவம் படிக்க எடின்பரோ நகருக்கு அனுப்பினார் அப்பா. அந்தக் காலத்தில் மயக்க மருந்து கிடையாது. அறுவை சிகிச்சையின்போது நோயாளி அலறுவதைக் கேட்க முடியாமல் டார்வின் வெளியே ஓடிவிட்டார். மருத்துவப் படிப்பு அத்தோடு முடிந்தது. அடுத்ததாக, பாதிரியாராகலாம் என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்த்தார்கள்.

அங்கேதான் அவருக்கு ஒரு நல்ல ஆசிரியர் கிடைத்தார். ஹென்ஸ்லோ என்பது அவர் பெயர். தாவரவியல் பேராசிரியர். பாடத்தை வகுப்பறையோடு நிறுத்தாமல் மாணவர்களை வயலுக்கும் சதுப்பு நிலத்துக்கும் அழைத்துப் போவார். செடி வளரும் இடத்திலேயே அதைப் பற்றிப் பேசுவார். டார்வின் எப்போதும் அவரோடு நடந்துகொண்டே இருப்பார். ஹென்ஸ்லோவோடு நடப்பவர் என்றே கேம்பிரிட்ஜில் சிலர் அவரை அடையாளம் சொன்னார்களாம்.

ஹென்ஸ்லோவிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டி வைக்கும்போது, ஓர் இனத்துக்கு ஒரு செடி என்று நிறுத்திவிட மாட்டார். ஒரே இனத்தைச் சேர்ந்த குட்டைச் செடி, நெட்டைச் செடி, பெரிய இலை, சிறிய இலை என்று பலவற்றை ஒரே தாளில் அடுக்கி ஒட்டுவார். ஏன் தெரியுமா? ஒரே இனத்துக்குள்ளேயே எவ்வளவு தூரம் வேறுபாடு வரலாம் என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்பதற்காக. ஒரு செடியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்ற பாடம் அந்தத் தாளிலேயே இருந்தது.

கப்பலில் செய்த தவறு

ஹென்ஸ்லோவின் பரிந்துரையால் டார்வினுக்கு பீகிள் என்ற கப்பலில் செல்லும் வாய்ப்பு வந்தது. 1831 டிசம்பர் 27ஆம் நாள் கப்பல் புறப்பட்டது. ஐந்து ஆண்டுகள் சுற்றிவிட்டு 1836 அக்டோபரில் திரும்பியது.

வழியில் பசிபிக் கடலில் காலபாகஸ் தீவுகளுக்குச் சென்றார்கள். அங்கே சின்னச் சின்னப் பறவைகளை டார்வின் சேகரித்தார். ஆனால் எந்தப் பறவை எந்தத் தீவில் கிடைத்தது என்று ஒழுங்காகக் குறித்து வைக்கவில்லை. எல்லாவற்றையும் கலந்து வைத்துவிட்டார். 1837இல் லண்டனில் ஜான் கூல்டு என்ற பறவை அறிஞர் அவற்றை ஆராய்ந்தார். அலகு மட்டும் கொஞ்சம் கொஞ்சம் மாறுபடும் அந்தக் குருவிகள் தனித்தனி இனங்கள் என்று அவர் சொன்னதும் டார்வின் திடுக்கிட்டார். தீவின் பெயரைக் குறிக்காமல் விட்டோமே என்று வருந்தினார். கப்பலில் வந்த மற்றவர்களின் சேகரிப்புகளைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று.

நல்லவேளை, செடிகளைச் சேகரித்தபோது தீவின் பெயரையும் குறித்து வைத்திருந்தார். அந்தச் செடிகளை அவருடைய நண்பர் ஹூக்கர் ஆராய்ந்தார். ஒரு தீவில் உள்ள பல செடிகள் அடுத்த தீவில் இல்லை என்பது அதனால்தான் தெரிய வந்தது.

பார்த்தீர்களா? ஒரு பொருளை எடுத்து வைத்தால் போதாது. எங்கே எடுத்தோம், எப்போது எடுத்தோம் என்பதும் சேர்ந்தால்தான் அது அறிவு.

அப்பா படித்த புல்வெளி

1839இல் எம்மா என்ற பெண்ணை டார்வின் மணந்துகொண்டார். 1842இல் இருவரும் கென்ட் மாவட்டத்தில் டௌன் என்ற கிராமத்தில் குடியேறினார்கள். அதன் பிறகு நாற்பது ஆண்டுகள், தம் வாழ்நாளின் கடைசி நாள் வரை, அந்த வீட்டில்தான் வாழ்ந்தார். அடிக்கடி வயிற்று வலி, வாந்தி, மயக்கம். நீண்ட தூரப் பயணம் செய்ய உடம்பு இடம் கொடுக்கவில்லை. உலகைச் சுற்றியவருக்கு இப்போது தோட்டமும் பக்கத்து வயலுமே உலகம்.

1855ஆம் ஆண்டு ஒரு வேலையைத் தொடங்கினார். உழாமல் பல ஆண்டுகள் சும்மா விடப்பட்டிருந்த ஒரு புல்வெளி வீட்டுக்கு அருகில் இருந்தது. அதில் என்னென்ன செடிகள் இருக்கின்றன என்று கணக்கெடுக்க ஆரம்பித்தார். அவருடைய குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியை அவருக்குத் துணை. பூச்செடிகளையாவது பூவை வைத்துச் சொல்லிவிடலாம். புற்கள்? எல்லாம் ஒரே பச்சை, ஒரே நீட்டு இலை! ஒரு புல்லின் பெயரைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தாமாகவே சரியாகக் கண்டுபிடித்த அன்று, பரீட்சையில் தேறிய பையனைப் போல மகிழ்ந்து நண்பர் ஹூக்கருக்குக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 46!

மூன்று பூக்கள்

இப்போது நாம் அந்த மஞ்சள் பூக்களுக்கு வருவோம். வசந்த காலத்தில் இங்கிலாந்துக் கிராமம் ஒன்றுக்கு நீங்கள் போயிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வதை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில் மரங்களின் நிழலிலும், வேலியோர மேட்டிலும் பாருங்கள். தரையோடு தரையாக இலைகள். நடுவில் வெளிர் மஞ்சள் பூக்கள். ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனிக் காம்பு. காம்பில் மெல்லிய மயிர். பூ அகலமாக, தட்டையாக மேல் நோக்கி மலர்ந்திருக்கும். இதுதான் பிரிம்ரோஸ்.

அடுத்து, வெயில் படும் திறந்த புல்வெளிக்கு வாருங்கள். ஒரு நீண்ட பூந்தண்டு. அதன் உச்சியில் கொத்தாகச் சின்னச் சின்னப் பூக்கள் தலை கவிழ்ந்து தொங்கும். அடர்ந்த மஞ்சள். உள்ளே எட்டிப் பார்த்தால் ஆரஞ்சு நிறப் புள்ளிகள். பூவைத் தாங்கும் பச்சைக் கிண்ணம், அதாவது புல்லி வட்டம், காற்றடைத்த பை போல உப்பி இருக்கும். இனிய மணம் வீசும். இது கௌஸ்லிப்.

இலையையும் பாருங்கள். பிரிம்ரோஸ் இலை அடியை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகும். கௌஸ்லிப் இலை சட்டென்று குறுகிக் காம்பாகும். பூ இல்லாத நாளிலும் இதை வைத்து அடையாளம் சொல்லலாம்.

இதுவரை குழப்பம் இல்லை, அல்லவா? குழப்பம் மூன்றாவது பூவில்தான். பிரிம்ரோஸ் போல வெளிர் மஞ்சள் பூ. ஆனால் கௌஸ்லிப் போலத் தண்டின் உச்சியில் கொத்தாக இருக்கும். ஆக்ஸ்லிப் என்று பெயர். பாதி இது, பாதி அது. இதை எந்தப் பக்கம் சேர்ப்பது?

செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்த சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், 1753இல் வெளியிட்ட தம் நூலில் இந்த மூன்றையும் ஒரே இனமாகச் சேர்த்துவிட்டார். வேறு பலர், இல்லை, இவை தனித்தனி இனங்கள் என்றார்கள். வழக்கு தீரவில்லை.

இனம் என்றால் என்ன, வகை என்றால் என்ன என்று கேட்பீர்கள். நீலம், மல்கோவா, பங்கனபள்ளி எல்லாம் வேறு வேறு வகைகள். ஆனால் எல்லாமே மா என்ற ஒரே இனம். பலா வேறு இனம். மாங்கொட்டையைப் போட்டால் எந்தக் காலத்திலும் பலா முளைக்காது. பிரிம்ரோஸும் கௌஸ்லிப்பும் நீலமும் மல்கோவாவும் போன்றவையா, மாவும் பலாவும் போன்றவையா? அதுதான் கேள்வி.

புத்தகத்தில் எழுதிய தீர்ப்பு

1859 நவம்பர் 24ஆம் நாள், உயிரினங்களின் தோற்றம் பற்றிய டார்வினின் புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. ஓர் இனத்துக்குள் உண்டாகும் சிறு வேறுபாடுகள் நீண்ட காலத்தில் பெருகிப் புதிய இனங்கள் உருவாகின்றன என்பது அந்த நூலின் சாரம்.

அந்த நூலில் நம் மஞ்சள் பூக்களும் வருகின்றன! பிரிம்ரோஸுக்கும் கௌஸ்லிப்புக்கும் தோற்றம் வேறு, மணம் வேறு, பூக்கும் காலம் வேறு, வளரும் இடம் வேறு என்று டார்வின் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். ஆனாலும் இரண்டையும் இணைக்கும் நடுத்தரச் செடிகள் இருக்கின்றனவே! தவிர, ஒன்றின் விதையிலிருந்து மற்றது முளைத்ததாகச் சிலர் சோதனை செய்து எழுதியிருந்தார்கள். எனவே இவை ஒரே இனத்தின் இரு வகைகள்தாம் என்று தீர்ப்பு எழுதினார்.

அவருடைய கொள்கைக்கு இது எவ்வளவு வசதியான சான்று! ஒன்று மற்றொன்றாக மாறுவதை வேலியோரத்திலேயே காட்டிவிடலாம். அந்தச் சமயத்தில் அவர் நூலுக்குப் பலத்த எதிர்ப்பு. கிடைத்த ஒவ்வொரு சான்றும் அவருக்குப் பொன் போன்றது.

ஆனால் டார்வின் அத்தோடு விட்டுவிடவில்லை. புத்தகம் வெளிவந்த அடுத்த வசந்தத்திலேயே, 1860இல், அதே பூக்களின் முன்னால் மறுபடியும் குனிந்து நின்றார்.

குண்டூசியும் நூல் குஞ்சமும்

கௌஸ்லிப் பூக்களைக் கூர்ந்து பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. சில செடிகளின் பூவில், குழாயின் வாயில் பச்சையாக ஒரு குண்டூசித் தலை தெரிந்தது. அது சூலக முடி. மகரந்தப் பைகள் குழாயின் பாதி ஆழத்தில் ஒளிந்திருந்தன. வேறு சில செடிகளில் இது தலைகீழ். வாயில் மகரந்தப் பைகள் நூல் குஞ்சம் போலத் தெரிந்தன. சூலக முடி உள்ளே பாதி ஆழத்தில் இருந்தது. ஒரு செடியில் எல்லாப் பூவும் குண்டூசியாகவே இருக்கும், அல்லது எல்லாப் பூவும் குஞ்சமாகவே இருக்கும்.

தோட்டக்காரர்களுக்கு இது முன்பே தெரியும். ஏன், கிராமத்துக் குழந்தைகளுக்கே தெரியும்! பூவுக்குள் பூவைச் செருகி மாலை கோப்பதற்குக் குண்டூசிப் பூதான் வசதி என்று அவர்கள் அதையே பொறுக்கி எடுப்பார்களாம். ஆனால் இது எதற்காக என்று யாரும் கேட்கவில்லை.

டார்வின் எண்ணிப் பார்த்தார். பல இடங்களில், ஒரு செடிக்கு ஒரு கொத்து வீதம் 522 கொத்துகளைப் பறித்தார். அவற்றில் 241 குண்டூசி, 281 குஞ்சம். ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. அப்படியானால் இது ஏதோ தற்செயலாக வந்த வேறுபாடு அல்ல.

இரண்டும் தனித்தனி இனமா? இல்லை. இரண்டும் கலந்தே வளர்கின்றன. பிரிம்ரோஸிலும் இதே இரண்டு வடிவங்கள் இருக்கின்றன.

டார்வின் ஓர் ஊகம் செய்தார். சூலகத் தண்டு நீளமாக உள்ள குண்டூசிச் செடிகள் பெண் செடிகளாக மாறிக்கொண்டிருக்கின்றனவோ? அப்படியென்றால் அவைதாம் அதிக விதை தர வேண்டும். செடிகளில் அடையாளம் கட்டி வைத்தார். காய் முற்றும் வரை காத்திருந்தார். விதைகளைச் சேகரித்து நிறுத்துப் பார்த்தார். என்ன ஆயிற்று தெரியுமா? குஞ்சச் செடிகள்தாம் அதிக விதை தந்தன! ஊகம் தவிடுபொடி.

வேறொருவராக இருந்தால் சோர்ந்து போயிருப்பார். டார்வின் அடுத்த ஆண்டு வலையால் செடிகளை மூடி, பூச்சி நுழையாமல் தடுத்து, தம் கையாலேயே மகரந்தத்தை வைத்துப் பார்த்தார். குண்டூசிப் பூவுக்குக் குஞ்சப் பூவின் மகரந்தத்தையும், குஞ்சப் பூவுக்குக் குண்டூசிப் பூவின் மகரந்தத்தையும் வைத்தால் நிறைய விதை. ஒரே வடிவத்துக்குள் வைத்தால் குறைவான விதை.

இப்போது புரிந்துவிட்டது! பூச்சி குஞ்சப் பூவில் தேன் குடிக்கும்போது, அதன் உறிஞ்சு குழலின் எந்த இடத்தில் மகரந்தம் ஒட்டுகிறதோ, அதே இடம்தான் குண்டூசிப் பூவின் சூலக முடியில் உரசும். பூட்டும் சாவியும் போல! ஒரு செடி தன்னோடு தானே சேராமல் வேறொரு செடியோடு சேர வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. 1861 நவம்பரில் லண்டன் லின்னேயன் சங்கத்தில் இதைக் கட்டுரையாக வாசித்தார். தம் அறிவியல் வாழ்வில் வேறு எதுவும் இவ்வளவு மன நிறைவைத் தரவில்லை என்று பிற்காலத்தில் எழுதினார்.

கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்த அந்த வேறுபாடு இனத்தைப் பிரிக்கும் வேறுபாடு அல்ல. அது ரிப்பன்! அப்படியானால் மச்சம் எது?

ஆக்ஸ்லிப் வழக்கு தீர்ந்தது

எப்பிங் என்ற ஊரில் ஹென்றி டபுள்டே என்றொருவர் இருந்தார். பூச்சிகளையும் செடிகளையும் நன்றாக அறிந்தவர். எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் பார்ட்ஃபீல்ட் என்ற இடத்தில் வளரும் ஆக்ஸ்லிப், மற்ற இடங்களில் ஆக்ஸ்லிப் என்று சொல்லப்படும் செடி அல்ல என்று 1842இல் அவர் கண்டறிந்தார். ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் உள்ள உண்மையான ஆக்ஸ்லிப் அதுதான் என்றார்.

இரண்டையும் வயலில் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? உண்மையான ஆக்ஸ்லிப் பூக்கள் தண்டின் ஒரே பக்கமாகச் சாய்ந்து தொங்கும். பூ வெளிர் மஞ்சள். புல்லி வட்டம் ஒடுக்கமாக இருக்கும்; அதில் கரும்பச்சைக் கோடுகள் ஓடும். ஈரமான பழைய காடுகளில் கூட்டம் கூட்டமாக வளரும். மற்றதோ, பெரிய பூக்களை எல்லாப் பக்கமும் திருப்பிக்கொண்டு நிற்கும். சில சமயம் அடியிலிருந்து தனிக் காம்பிலும் ஒன்றிரண்டு பூக்கள் வரும். கூட்டமாக இருக்காது. பிரிம்ரோஸும் கௌஸ்லிப்பும் அக்கம் பக்கத்தில் வளரும் இடத்தில் இங்கொன்று அங்கொன்றாகத்தான் தென்படும்.

இந்தக் கடைசிக் குறிப்பைக் கவனித்தீர்களா? அப்பா அம்மா இருக்கும் இடத்தில்தானே பிள்ளை இருக்கும்!

டார்வின் அந்தச் சாதாரண ஆக்ஸ்லிப்பின் விதைகளை விதைத்துப் பார்த்தார். முளைத்த செடிகள் ஒரே மாதிரி இல்லை. சில கௌஸ்லிப் பக்கம் சாய்ந்தன. சில பிரிம்ரோஸ் பக்கம் சாய்ந்தன. சில நடுவில் நின்றன. விதை பிடிப்பதும் குறைவு. கலப்பினச் செடிகளின் குணம் அது. பார்ட்ஃபீல்ட் ஆக்ஸ்லிப்போ தன்னைப் போன்ற செடிகளையே தந்தது. பிரிம்ரோஸும் கௌஸ்லிப்பும் அருகில் இல்லாத இடத்திலும் ஏராளமாக வளர்ந்தது. அது யாருடைய கலப்பும் அல்ல, தனி இனம்.

அப்படியானால் பிரிம்ரோஸ் விதையிலிருந்து கௌஸ்லிப் முளைத்ததாக முன்பு எழுதினார்களே, அது என்ன? அந்தச் செடிகளை யாரும் வலை போட்டு மூடி வைக்கவில்லை. பூச்சிகள் வந்து மகரந்தத்தைக் கலந்துவிட்டிருக்கலாம். கலப்புச் செடியின் விதையைச் சுத்தமான விதை என்று நினைத்து விதைத்திருக்கலாம். சோதனையில் ஓட்டை இருந்தது. அதை நம்பித்தான் டார்வினும் தீர்ப்பு எழுதியிருந்தார்.

இப்போது அவர் என்ன செய்ய வேண்டும்? பேசாமல் இருந்திருக்கலாம். அவரைக் கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள்? உலகமே அறிந்த பெரியவர். தம் கொள்கைக்குச் சாதகமான சான்றைத் தாமே எதற்காகக் கைவிட வேண்டும்?

ஆனால் 1868 மார்ச் மாதம் அதே லின்னேயன் சங்கத்தின் முன் அவருடைய கட்டுரை வாசிக்கப்பட்டது. பிரிம்ரோஸ், கௌஸ்லிப், பார்ட்ஃபீல்ட் ஆக்ஸ்லிப் மூன்றும் தனித்தனி இனங்கள். சாதாரண ஆக்ஸ்லிப் என்பது முதல் இரண்டும் கலந்து பிறந்த கலப்பினம். 1859இல் எழுதியதற்கு நேர் எதிரான தீர்ப்பு! அதைத் தம் கையாலேயே எழுதினார்.

இதனால் அவர் கொள்கை விழுந்துவிட்டதா? இல்லை. மூன்று செடிகளுக்கும் நெடுங்காலத்துக்கு முன்பு ஒரே மூதாதை இருந்திருக்கலாம். ஆனால் ஒன்றின் விதையிலிருந்து இன்று மற்றொன்று முளைக்காது. அவ்வளவுதான். பொய்யான தூணை எடுத்துவிட்டதால் வீடு விழவில்லை. வேறு உறுதியான தூண்கள் நிறைய இருந்தன.

எட்டு வயதில் பிரிம்ரோஸ் செடியைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொன்ன சிறுவன், 59 வயதில் அதே பிரிம்ரோஸைப் பற்றி, தமக்கே பாதகமான உண்மையையும் மறைக்காமல் சொன்னார். நடுவில் அவர் கற்றுக்கொண்டது எவ்வளவு, பார்த்தீர்களா?

பூக்களின் பல வடிவங்களைப் பற்றிய இந்த ஆராய்ச்சிகளை எல்லாம் தொகுத்து 1877இல் தனி நூலாக வெளியிட்டார். 1882 ஏப்ரல் 19ஆம் நாள் டௌன் வீட்டில் காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் வாழ்ந்த வீட்டையும் தோட்டத்தையும் இன்றும் மக்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

இங்கிலாந்தில் உண்மையான ஆக்ஸ்லிப் இன்றும் கிழக்குப் பகுதியின் பழைய காடுகள் சிலவற்றில்தான் பூக்கிறது. பெயர் தெரிந்தால்தானே அதைக் காப்பாற்ற முடியும்? எங்கும் கிடைக்கும் கலப்புச் செடிதானே என்று நினைத்திருந்தால், அந்தக் காடுகளின் அருமை தெரியாமலே போயிருக்கும்.

குழந்தைகளே! அடுத்த முறை வரப்பிலோ பள்ளி மைதானத்திலோ ஒரே மாதிரி இரண்டு செடிகளைக் கண்டால் அவசரப்பட்டுப் பெயர் சொல்லாதீர்கள். குனிந்து பாருங்கள். பூவை மட்டும் பார்க்காமல் இலை, காம்பு, தண்டு, மணம் எல்லாவற்றையும் பாருங்கள். நிழலில் வளர்கிறதா, வெயிலில் வளர்கிறதா என்று பாருங்கள். ஒரு செடியோடு நிறுத்தாமல் பத்துச் செடிகளைப் பாருங்கள். நாளும் இடமும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அரிய செடி என்று தோன்றினால் பறிக்காமல் படம் வரைந்துகொள்ளுங்கள்.

பிறகு உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கண்டது ரிப்பனா, மச்சமா? நேற்று நீங்கள் சொன்ன பதில் தவறு என்று இன்று தெரிந்தால் வெட்கப்படாதீர்கள். நோட்டில் அதை அடித்துவிட்டு, பக்கத்திலேயே சரியானதை எழுதுங்கள். டார்வின் தாத்தாவும் அதைத்தான் செய்தார்!